புதன்கிழமை விரதம்

கொக்குவிலில் நாங்கள் படித்த கல்லூரியில் குடும்ப, சமூக சேவை என்று ஒரு பயிற்சிநெறி இருந்தது. கோப்பாயில் எங்கள் அயலட்டைக்கு அது பெரிய பகிடி. "உதென்ன படிப்பு? பிள்ளை வளர்க்கிறதுக்கும் சேர்டிபிக்கற்றோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பாதி உண்மைதான். ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டிப் பழகினோம். என் கையிலிருந்து அது வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. நல்ல காலம், பொம்மைக்கு அழத் தெரியாது.

கடைசித் தவணையில் ஆளுக்கொரு குடும்பத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது பருத்தித்துறைக் கடற்கரையில் ஒரு வீடு. அந்த வீட்டு மகள் படிப்பில் கெட்டிக்காரி. பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அவளைத் திரும்ப அனுப்பச் செய்வதுதான் என் வேலை. ஆனால் எங்கள் விரிவுரையாளர் மிஸ் ஒரு சட்டம் போட்டிருந்தார்: போகிற வீட்டில் ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்கக் கூடாது. சனத்துக்குச் செலவு வைக்கக் கூடாதாம்.

யாழ்ப்பாணத்தில் இது நடக்கிற காரியமா? தேத்தண்ணி வராமல் எந்த வீட்டில் பேச்சுத் தொடங்கும்? முதல் தரம் அந்தத் தாய் கோப்பையை நீட்ட, வயிற்றுக் குத்து என்றேன். அடுத்த கிழமை விரதம் என்றேன்.

"புதன்கிழமையிலை என்ன விரதம், பிள்ளை?"

அசடு வழிந்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தாலே, "இவளின்ரை தேப்பன் கடலாலை வரட்டும், கேட்டுச் சொல்லுறன்" என்று வெட்டிவிடுவார். மகளோ கதவுக்குப் பின்னால் நின்று, மூக்கு மட்டும் தெரிய, என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசி நாள் புள்ளி போடுவதற்கு மிஸ்ஸும் கூட வந்தார். வழக்கம்போலத் தேத்தண்ணி வந்தது, கூடவே கடித்துக் குடிக்கப் பனங்கட்டித் துண்டும். மிஸ் கையைக் காட்டி மறித்தார்.

"நாங்கள் வேலையாப் போற இடத்திலை ஒண்டும் குடிக்கிறேல்லை."

தாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"ஓம், தெரியும். கோப்பாய்ப் பிள்ளை கடற்கரைச் சனத்தின்ரை வீட்டிலை வாய் நனைக்குமோ? எங்கடை தேத்தண்ணியே உங்களுக்கு ஆகாது. என்ரை பிள்ளையை எப்பிடி நம்பிப் பள்ளிக்கூடம் விடுறது? அங்கையும் தள்ளித்தானே இருத்துவியள்!"

ஐயோ! இத்தனை கிழமையும் நான் சாதி பார்க்கிறேன் என்றல்லவா நினைத்திருக்கிறார்! எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? கோப்பையை எடுத்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. நாக்கு வெந்தாலும் மடமடவென்று குடித்து, பனங்கட்டியையும் கடித்தேன்.

"என்ன செய்யிறீர்?" என்றார் மிஸ்.

"தேத்தண்ணி குடிக்கிறன், மிஸ்."

புள்ளி போச்சு என்று தெரிந்தது. போனால் போகட்டும்.

தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உந்த வயித்துக் குத்து, விரதம் எல்லாம்?"

"எல்லாம் பொய், அம்மா. குடிக்கக் கூடாதெண்டு எங்களுக்குச் சட்டம்."

"விசர்ச் சட்டம்!" அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிறகு உள்ளே திரும்பினார். "பிள்ளை, வெளியாலை வா. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வெளிக்கிடு. இப்ப அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து."

அவள் கதவைத் தாண்டி வந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதித் தேத்தண்ணி என் சேலையில் கொட்டியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சுட்டுப்போட்டுது என்று இன்னொரு பொய் சொன்னேன்.