எம்புட்டு குடுக்கும்?

எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்தில் ஒவ்வொரு காருக்கும் முன்னால் ஒரு கம்பம் நிற்கிறது. டோல்ப்பா என்று பெயர். குளிர்காலத்தில் முந்தின நாளே கம்பத்திலிருந்து ஒயரை இழுத்துக் காரின் மூக்கில் செருகி வைத்துவிட வேண்டும். விடிவதற்குள் அது எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கும். பின்லாந்தில் தம்பெரே நகருக்கு வந்த முதல் வருடம் இதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். "காருக்கே குளுருதுன்னா நீங்கள்லாம் என்னட்டி பண்ணுதீக?" என்று கேட்டார். கரிசனம் என்று நினைத்துவிடாதீர்கள், சுத்த நக்கல்.

அப்பா இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் விரல் முட்டியால் கதவைத் தட்டுவார். 'டொக்' என்று கேட்டால் நல்ல வண்டி, 'டங்' என்று கேட்டால் தகர டப்பா. அடுத்து ஒரே ஒரு கேள்வி: "எம்புட்டு குடுக்கும்?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். இந்த இரண்டு வித்தைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு தம்பெரேயில் பழைய கார் வாங்கப் போனேன். விற்பவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம் என்கிற ஆள். நான் கதவைத் தட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லை" என்றார். கிண்டல் செய்தாரா, நிஜமாகவே தேடினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த ஊர் முகங்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டதற்கு "ஆறு" என்றார். அப்பாவிடம் போனில் சொன்னேன். "ஆறா? ஏட்டி, லாரிகூட ஆறு குடுக்குமே! அங்கன நிக்காத, ஓடி வந்துரு!" பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இங்கே நூறு கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் தின்னும் என்று பார்க்கிறார்கள். எண் குறைந்தால் நல்லது. அப்பா மனதுக்குள் வகுத்துப் பார்த்து, "பதினாறுக்கு மேல வருதே, நல்ல வண்டிதான். அதை நேராச் சொல்ல அவனுக்கு என்ன கேடு?" என்றார்.

அந்தக் காரையே வாங்கினேன். அதோடு இந்த ஊர் வித்தையும் ஒட்டிக்கொண்டது. பனி உருகச் சாலையில் உப்புப் போடுகிறார்கள். உப்பு காரை அடியிலிருந்து அரிக்கும். கட்சாஸ்துஸ் என்கிற வருடாந்திரப் பரிசோதனையில் காரைத் தூக்கி நிறுத்தி, அடித்தகட்டைக் குத்திப் பார்ப்பார்கள். துரு இல்லையென்றால் உறுதியான வண்டி. கதவை யாரும் தட்டுவதில்லை.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் நீதிமன்றத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவள். அப்பா ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் தன் சின்னக் காரில் அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறார். ஒரு நாள் மடவார்வளாகம் அருகே ஒரு லாரி இடப்பக்கமாக ஏறி வந்து காரைத் தேய்த்துவிட்டுப் போனது. "சின்ன உரசல்" என்றார் அப்பா. அம்மா மறுநாள் எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினாள். அவள் பக்கத்துக் கதவு கசக்கிய காகிதமாக இருந்தது. அவள் முழங்கையில் கட்டு. ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு அந்தக் கதவை என்ன செய்வது? கார் மாற்றியே ஆக வேண்டும், தடிமனான உடம்பும் ஆறு காற்றுப்பையும் உள்ள கார் என்று சண்டை ஆரம்பித்தேன். மோதல் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கிய காராகப் பார்க்கச் சொன்னேன். "ஸ்டாரு ஓட்டலுக்குல்லா பார்ப்பாக? அம்புட்டு கனமான வண்டி பதிமூணுகூடக் குடுக்காது" என்றார் அப்பா.

அந்த ஜூலையில் கணவர், இரண்டு மகள்களோடு ஊருக்குப் போனேன். எல்லோருமாக ஷோரூமுக்குப் போனோம். அப்பா வரிசையாகக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போனார். நான் வழவழத் தரையில் மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒரு புத்தம்புதுக் காரின் அடியைத் துரு இருக்கிறதா என்று பார்த்தேன். விற்பனைப் பெண் ஓடி வந்தாள். "மேடம், ஏதும் விழுந்துட்டா? நான் எடுத்துத் தாரேன்!" எழுந்தபோது முதுகெல்லாம் தூசி. அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வருசத்துல பத்து நாள் மழை பெஞ்சாப் பெரிசு. இங்க துரு தேடுதா பாருங்க!"

அங்கே தட்டி அசடு வழிந்தேன், இங்கே படுத்து அசடு வழிகிறேன்.

அதுவரை வாயே திறக்காமல் நாற்காலியில் இருந்த அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "தட்டுனது போதும். லாரி தேச்சது எம் பக்கத்துக் கதவை. இனி அந்தக் கதவு எப்படி இருக்கணும்னு நாந்தான் சொல்லுவேன். மக சொல்லுத வண்டிதான்." முப்பது வருடம் அடுத்தவர் சொத்துக்கு எல்லை எழுதிய கை. அப்பா தட்டிய கையை இறக்கிக்கொண்டார். "சரி, கனமான வண்டியே எடுப்போம். ஆனா மூணு வரிசை இருக்கணும்" என்றார்.

"ரெண்டு பேருக்கு எதுக்குப்பா மூணு வரிசை? இன்னும் மைலேஜ் குறையுமே?"

"நீங்க நாலு பேரு வருவீகல்லா? பெட்டி வேற. ஆட்டோவுலயா போவீக?"

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் வருகிறோம். அதற்காக மிச்ச நாளெல்லாம் ஐந்து காலி இருக்கைகளை இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வர, லிட்டருக்கு அரைக் கிலோமீட்டருக்குச் சண்டை போடும் மனிதர் தயாராக இருந்தார். கூட்டத்தில் அழக்கூடாது என்று விலைப்பட்டியலைப் படிப்பது போல முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் திரும்பிய பிறகுதான் கார் வந்தது. இரண்டு வருடம் கழித்து, போன மாதம் அதில் ஏறினேன். முன்னிருக்கை இரண்டும் பழகி நிறம் மங்கியிருந்தன. பின்னால் இரண்டு வரிசையிலும் ஷோரூமில் மாட்டிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அம்மா வாரம் ஒருமுறை துடைக்கிறாளாம். வெயிலில் உறை சூடேறித் தொடையில் ஒட்டியது. மூன்று வாரமும் ஒட்டி ஒட்டிப் பிரிந்து உட்கார்ந்தோம்.

தம்பெரேக்குத் திரும்பும் நாள், மதுரை விமான நிலையம் போக ஏறியதும் பொறுமை போய்விட்டது. உறையின் ஓரத்தில் விரலை விட்டு, "அப்பா, இதைக் கிழிச்சிரட்டுமா?" என்றேன்.

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இங்கனயே இருக்கப் போறீகன்னா கிழிச்சிரு. இல்லைன்னா கெடக்கட்டும். அது ஒங்க சீட்டு. அடுத்த தடவை வரும்போது புதுசா இருக்கணும்ல?"

விரலை எடுத்துவிட்டேன். கார் கிளம்பியது. விமான நிலையம் வரைக்கும் நான் அசையும்போதெல்லாம் உறை சரசரத்துக்கொண்டே வந்தது.