மாமா கட்டின வீடு

அம்மாவின் தம்பிக்குக் கலியாணம் பேசிய வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. யார் பொய் சொன்னது என்பதுதான் சண்டை. எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஒருவருமே பொய் சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையிடம் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். மேலே அப்பா, அம்மா, நான். கீழே பேஸ்மென்றில் மாமா. அவர் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒருநாள் யாரோ வீட்டு வாசலில் விற்கப் பரப்பியிருந்த பழைய சாமான்களுக்குள்ளிருந்து ஒரு பெட்டி நிறையக் குட்டிக் கோச்சி எஞ்சினும் ரயில் பெட்டிகளும் தண்டவாளமும் வாங்கி வந்தார். எனக்கென்று வாங்கியதாகத்தான் சொன்னார். தொடத்தான் விடவில்லை.

சில மாதங்களில் பேஸ்மென்றின் பாதியைப் பலகை பிடித்துக்கொண்டது. அதன்மேல் ஒரு ஸ்ரேசன், ஒரு சுரங்கம், ஸ்பொஞ்சைப் பிய்த்துச் செய்த மரங்கள். ஸ்ரேசனுக்கு எதிரே காகித மட்டையால் கட்டிய ஒரு வீடு. சிவப்புக் கூரை, வெள்ளை ஜன்னல், புகைபோக்கி. பனி வேண்டுமென்று அம்மாவின் இடியப்ப மாவைத் தேத்தண்ணி வடியால் அரித்துத் தூவினார்.

“இந்த வயசிலை கோச்சி விளையாடுறான். உவனுக்கு ஆர் பெண் குடுப்பினம்?” என்று அம்மா மாவுக்காகவும் எதிர்காலத்துக்காகவும் சேர்த்துத் திட்டினாள்.

மாமாவைப் போலக் கோச்சி விளையாடுகிற பெரிய ஆட்கள் ரொறன்ரோவில் வேறும் இருந்தார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள். பெரும்பாலும் தலை நரைத்த வெள்ளைக்காரர். வீட்டில் கட்டியிருக்கும் பலகையைத் தூக்கி வர முடியாதாகையால் அதைப் படம் பிடித்துக் கொண்டுவந்து நீண்ட மேசையில் பரப்புவார்கள். பிறகு ஒருவர் படத்தை ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் ஆளுக்கொரு பிரதி மாற்றிக்கொள்வார்கள். அம்மாவும் அப்பாவும் சனிக்கிழமை வேலைக்குப் போவதால் மாமா என்னையும் கூட்டிப்போவார். எனக்குப் பிஸ்கற் கிடைக்கும்.

மாமா படம் எடுப்பதே ஒரு கூத்து. கமெராவைப் பலகையின் விளிம்போடு வைத்துவிட்டு, முழந்தாளில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். மேசைவிளக்கைச் சரித்துப் பிடித்துச் சூரியன் ஆக்குவேன் நான். மூச்சு விடாதே என்பார். மூச்சு விட்டால் பனி பறக்கும்.

அந்தப் படத்தை மண்டபத்தில் பார்த்துவிட்டு, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு தடித்த மனிதர் இது எந்த ஊர் ஸ்ரேசன், ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்றார். என் வீட்டுப் பேஸ்மென்ற் என்று மாமா சொன்னதும் மண்டபமே கைதட்டியது. அவர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். வீடு வரும்வரை மாமா பஸ்ஸில் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். “பாத்தியே பிள்ளை, மனுசன் உண்மை எண்டே நினைச்சிட்டார்!”

அந்தச் சமயத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் படம் கேட்டார்கள். கோட்டுப் போட்ட படம் ஒன்றை அம்மா எடுத்து வைத்தாள். மாமா தன் கணக்கில், மண்டபத்தில் காட்டிய அந்தச் சிவப்புக் கூரை வீட்டுப் படத்தையும் சேர்த்து உறையில் போட்டார். தான் எப்படிப்பட்ட ஆள் என்று பெண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது அவர் எண்ணம். படத்தின் பின்பக்கம் நல்ல எழுத்தில், ‘இது நான் கட்டின வீடு’ என்று எழுதினார். அதில் என்ன பொய்? நானே பக்கத்திலிருந்து பசை பூசிக் கொடுத்திருக்கிறேன்.

பெண் வீட்டார் உடனே சம்மதம் சொன்னார்கள். அம்மா அதைக் கோட்டின் மகிமை என்று நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான விட்பியிலிருந்து ஒரு அங்கிளும் அன்ரியும் வந்தார்கள். அங்கிள் பெண்ணின் தகப்பனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தேத்தண்ணி குடித்து முடித்ததும், “தம்பி கட்டின வீட்டையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டுதான் வந்தனாங்கள்” என்றார்.

அம்மா விழித்தாள். மாமாவின் முகம் மலர்ந்துபோனது. “வாங்கோ அங்கிள், கீழைதான் கிடக்கு.”

எல்லோரும் படியிறங்கினோம். மாமா விளக்கைப் போட்டுக் கோச்சியை ஓடவிட்டார். அது சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தது. அங்கிள் சிவப்புக் கூரையைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

“உதோ?”

“ஓம் அங்கிள், உதுதான்.”

“மனுசர் இருக்கிற வீடு எங்கை?”

“நாங்கள் வாடகைக்கெல்லோ இருக்கிறம்.”

அங்கிளின் குரல் உயர்ந்தது. “நான் கட்டின வீடு எண்டு எழுதி விட்டிருக்கிறீர். ஆளை ஏமாத்திறதுக்கும் ஒரு அளவிருக்கு.”

“நான்தானே கட்டினனான்,” என்றார் மாமா. அவர் குரலில் இருந்தது உண்மையான குழப்பம். என் குழப்பம் அதைவிடப் பெரிது. மண்டபத்தில் ஒருவர் படத்தை உண்மையென்று நம்பியபோது கைதட்டினார்கள். இங்கே நம்பியவர்கள் கோபிக்கிறார்கள். படம் ஒன்றுதான்.

அவர்கள் போனபின் அம்மா மாமாவோடு பேசுவதை நிறுத்தினாள். சோற்றுக் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு வருவாள். மாமா கோச்சியைத் தொடவில்லை. அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்கும் போகவில்லை.

பிறகொரு ஞாயிறு காலை ரெலிபோன் வந்தது. கொழும்பிலிருந்து, பெண்ணே எடுத்திருந்தாள். விசா அலுவலாக அங்கே வந்து நின்றவளுக்கு விட்பி அங்கிள் ரெலிபோனில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் கலியாணம் பேசிய பெண் தானாக ரெலிபோன் எடுப்பது கேள்விப்படாத காரியம். தூரத்து லைன் என்பதால் அம்மா கத்திக் கத்திப் பேசினாள்.

“என்ன? முதலே தெரியுமோ? எப்பிடிப் பிள்ளை?”

கொஞ்ச நேரம் கேட்டாள். “படத்திலை கதவுக்குக் கைப்பிடி இல்லையோ?” என்றாள். பிறகு, “அப்ப ஏன் அப்பாட்டைச் சொல்லேல்லை?”

அதற்கு வந்த பதில் நீளமாக இருந்திருக்க வேண்டும். அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. “ஓம் பிள்ளை... ஓம் பிள்ளை” என்றுமட்டும் சொல்லி ரெலிபோனை வைத்தாள். பேஸ்மென்ற் படியில் போய் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“பிள்ளையின்ரை தகப்பன் உன்ரை அந்த வீட்டுப் படத்தைச் சட்டைப்பையிலை வச்சுக்கொண்டு திரியிறாராம். என்ரை பிள்ளை போயிருக்கப்போற வீடு எண்டு வாறவை போறவைக்கெல்லாம் காட்டுறாராம். அவருக்கு ஒண்டும் சொல்லவேண்டாம் எண்டு பிள்ளை அங்கிளிட்டையும் கேட்டதாம், எங்களிட்டையும் கேக்குது.”

எனக்கு ஒரே சந்தோசம். “மாமா, அவரும் உண்மை எண்டே நினைச்சிட்டார்!” என்று கத்தினேன். மாமா சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்தார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நல்ல செய்தி வந்திருக்கும்போது இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமி அடுத்த வருஷம் வந்தாள். அன்று ரெலிபோனில் அம்மாவிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்க, அவள் சொல்ல இன்னும் பல வருஷங்கள் எடுத்தன. அந்தப் படம் போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. ஷெல் விழுந்து, ஒரு சொந்தக்காரரின் விறாந்தையில் குடும்பமாகப் படுத்திருந்தார்கள்.