நீட்டுப் பாட்டுகளுக்கு எதிராக ஒரு கடிதம்

மூக்கைச் சிந்தினால் நீலமாக வரும். அம்மாவுக்கும் அப்படி, எனக்கும் அப்படி. மொன்றியலின் வில்லரேயில் நாங்கள் இருந்த வீட்டின் முன்னறையில் அம்மா ஜீன்ஸ் பொக்கெற் தைத்தார். அந்தத் துணியின் நீலத் தூசி சோற்றுப் பானையின் மூடியிலும் தலையணையிலும் என் பள்ளிக்கூடக் கொப்பிகளிலும் படிந்து கிடந்தது, கூட்டக் கூட்ட வந்தது. அதோடு மெஷின் எண்ணெயின் மணம். மற்ற வீடுகளில் சாம்பிராணி மணக்கும். எங்கள் வீட்டில் எண்ணெய் மணந்தது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். தமிழ் மட்டக்களப்பில் மூன்றாம் வகுப்பு வரை படித்தது, மிச்சம் மொன்றியலில் சனிக்கிழமை வகுப்பில் படித்தது. தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார். அவரைக் கனடாவுக்கு எடுப்பதற்கு அம்மா ஸ்பொன்சர் போட்டிருந்தார். ஊரில் சண்டை நின்றிருந்த காலம் அது. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டால் "பைல் ஓடுதோ?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் பைல் ஓடவில்லை. எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது.

அம்மாவின் மெஷின் பக்ரறிகளில் வைக்கும் பெரிய மெஷின். பெடலை மிதித்தால் தரை அதிரும். முதலில் அவர் தமிழ்ப் பாட்டுக் கசெற் போட்டுப் பார்த்தார். குரலை மெஷின் தின்றது, வீணையையும் தின்றது. பிறகு ஒருநாள் ரேடியோவைத் திருப்பிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் கையை எடுத்தார். ட்ரம், கிற்றார், தொண்டை கிழியக் கத்தும் ஒரு ஆள். ஆங்கில ரொக் பாட்டு மட்டும் போடுகிற உள்ளூர் ரேடியோ. மெஷின் ஓடும்போதும் அது கேட்டது.

"மெஷினுக்கு மேலால கேக்கிற பாட்டு இது ஒண்டுதான் புள்ள," என்றார். அன்றிலிருந்து ரேடியோவின் முள் நகரவில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது. பாட்டுகளுக்குத் தானே பெயர் வைத்தார். "நாய்ப் பாட்டு" என்று ஒன்று, அதில் கிற்றார் ஊளையிடும். "பல்லுக்கொதிக்காரன்" என்று ஒரு பாடகர், பல்வலியில் முனகுவதுபோல் பாடுவார். எட்டு நிமிடம், பத்து நிமிடம் போகிறவை "நீட்டுப் பாட்டு". அவைதான் அம்மாவுக்குப் பிடித்தவை. ஒரு நீட்டுப் பாட்டுக்கு ஒரு கட்டு பொக்கெற் என்று கால் பழகிவிட்டது. பாட்டுத் தொடங்கும்போது கட்டை அவிழ்ப்பார், முடியும்போது நூலை வெட்டுவார். இடையில் கறி அடிப்பிடித்தாலும் எழும்பமாட்டார். "பாட்டு முடியட்டும்," என்பார். விளம்பரம் வந்தால் கால் தானாக நின்றுவிடும்.

பகலில் கதைக்கும் அறிவிப்பாளர் கதைக்கு நடுவில் இருமுவார். அம்மாவுக்கு அவர் "இருமல் அண்ணன்". "இண்டைக்கு இருமல் அண்ணனுக்குக் கொஞ்சம் சுகம் போல," என்று எனக்குச் செய்தி சொல்வார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருந்தார். எங்களுக்குப் பத்து வருடம் முன்னால் வந்தவர். ஆங்கிலம் தெரியும், படிவம் நிரப்பத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாசலிலேயே காதைப் பொத்துவார்.

"என்னகா இது, தகரக் கடைக்குள்ள வந்த மாதிரி இரிக்கு?"

"மெஷின நீ நிப்பாட்டித் தா அண்ணன், ரேடியோவ நான் நிப்பாட்டுறன்."

மாமா தேத்தண்ணியை எடுத்துக்கொள்வார்.

நான் மாமாவின் பக்கம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்டது புதுப் பாட்டுப் போடுகிற வேறு ரேடியோ. மூன்று நிமிடப் பாட்டுகள், ஆடலாம். ஒருநாள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி படியேறி வந்து முன்னறைச் சத்தத்தைக் கேட்டாள். அடுத்த நாள், "இவட அம்மா கிழட்டு ஆம்பிளையள்ற பாட்டுக் கேக்கிறா," என்று சொல்லிச் சிரித்தாள். நான் வீட்டுக்கு ஆள் கூட்டி வருவதை விட்டுவிட்டேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. பனி கரைந்து படிக்கட்டில் தண்ணீர் ஓடிய ஒரு நாள், இருமல் அண்ணன் நிறைய நேரம் கதைத்தார். அம்மா மெஷினை நிறுத்தி, "என்னவாம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். ரேடியோவின் முதலாளிமார் பழைய ரொக்கைக் குறைத்துப் புதுப் பாட்டுப் போடப் போகிறார்கள். அதற்கு ரேடியோக்களுக்கு அனுமதி கொடுக்கிற அரசாங்க அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம்.

அந்தக் கிழமை முழுக்க ரேடியோவுக்குப் போன் எடுத்தவர்களுக்குள் ஒரே சண்டை. ஒரு லொறிக்காரர், சின்னப் பிள்ளைகளின் பாட்டைப் போட்டால் ரேடியோவைக் கழற்றி ஆற்றில் எறிவேன் என்றார். ஒரு பெண், என் அப்பா காலத்துப் பாட்டை நான் எத்தனை வருடம் கேட்பது என்று கேட்டாள். நான் அவளுக்குத் தலையாட்டினேன். கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்கார மிசியூ படிக்கட்டில் அம்மாவை மறித்து, பழசும் வேண்டாம் புதுசும் வேண்டாம், இரண்டு கூட்டமும் பிரெஞ்சுப் பாட்டைக் குறைத்துத்தான் போடுகிறார்கள் என்று பிரெஞ்சில் நெடுநேரம் முறையிட்டார். அம்மா "உய், உய்" என்று ஓம் போட்டுவிட்டு மேலே வந்து, "மெஷின் சத்தத்துக்குத்தான் ஏசுறான் போல, பாவம்," என்றார்.

மறுநாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"கொப்பியில ஒரு தாள் கிழி. எழுது. ஐயா, நான் தையல் வேலை செய்யிறன். இந்தப் பாட்டு இல்லாட்டி எனக்குக் கால் ஓடாது. நீட்டுப் பாட்டுகள எடுக்க வேணாம். இருமல் அண்ணனையும் எடுக்க வேணாம். அவ்வளவுதான்."

நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அம்மா சொன்னதை எழுதவில்லை. நான் வீட்டிலிருந்து தைக்கும் பெண், பழைய பாட்டுகள் மிக நீளம், எங்களுக்கு அலுத்துவிட்டது, புதுப் பாட்டுப் போட்டால் சந்தோசம் என்று எழுதினேன். எழுதும்போது ஒரு சொல்லைக்கூட அழிக்கவில்லை. அதை இப்போதும் நினைக்கிறேன்.

"வாசி," என்றார் அம்மா. அவர் சொன்னதையே தமிழில் திருப்பிச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு பேனாவை வாங்கி, தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டார். அதற்குக் கீழே அப்பாவின் ஸ்பொன்சர் பைல் நம்பரை, ஒவ்வொரு இலக்கமாக, பெரிதாக எழுதினார்.

"இது ரேடியோக் கடிதம் அம்மா."

"அரசாங்கத்துக்குத்தானே போகுது? நம்பர் இல்லாத கடிதம் குப்பைக்குள்ள போகும் எண்டு மாமா சொன்னவர்."

கையெழுத்து வைத்தார். நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு இது தெரிய வந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நம்பரும் போட்டயா?"

"ஓம்."

"அப்ப அது பைலுக்குள்ளதான் போயிரிக்கும். அவங்களுக்கு எல்லாம் ஒரே மேசை. இனி நேர்முகத்தில அத்தானையும் அதக் கேப்பாங்கள்." பிறகு என்னைப் பார்த்தார். "புள்ள, உள்ளதைத்தானே எழுதின? பொய் கிய் ஒண்டும் இல்லத்தானே? பைலுக்குள்ள ஒரு பொய் கண்டானெண்டா மூடிப்போட்டுப் போயிருவான்."

"இல்ல மாமா," என்றேன்.

இப்போது சிரிக்கலாம். ரேடியோ அலுவலகத்துக்கும் இமிக்கிரேசனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அப்போது அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் வந்த இடத்தில் ஒரு பெயர் ஒரு தாளில் ஏறினால் அது எல்லாச் சோதனைச் சாவடிக்கும் போகும். அம்மா அந்தப் பழக்கத்தில் நம்பரை எழுதினார், மாமா அதே பழக்கத்தில் பயந்தார். அப்பா வராவிட்டால் அதற்குக் காரணம் நான். இதை ஒருவரிடமும் சொல்ல முடியாது. இரண்டு மாதம் தபால்காரரின் காலடிச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன்.

கடைசியில் தபாலுறை வந்தது. பெரியது, மூலையில் நாட்டின் கொடி. அம்மா அதை உடைக்கவில்லை. என்னிடம் வாசிக்கவும் தரவில்லை. "இது பெரியாக்கள் உடைக்க வேண்டியது," என்று சொல்லி, சேலை மாற்றிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மெட்ரோவும் பஸ்ஸும் ஏறிப் புரோசார்ட்டுக்குப் போனார். அப்பாவின் முடிவு அதற்குள் இருக்கிறது என்று நினைத்தார். வழி முழுக்க உறையை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

மாமா கண்ணாடி போட்டு உடைத்தார். வாசித்தார். மூச்சு விட்டார்.

"ரேடியோக்காரன்ர. உங்கட கருத்துக்கு நன்றியாம். எல்லாரும் பாக்கிற பைல்ல சேர்த்தாச்சாம். நம்மட கடிதத்தின்ர கொப்பியும் வெச்சிரிக்கான்." இரண்டாவது தாளை எடுத்தார். கொஞ்ச நேரம் வாசித்தார். "என்னகா, நீ பழைய பாட்டு வேணும் எண்டுதானே சொன்ன? இதில புதுசுதான் வேணும், பழசு அலுத்துப்போச்சு எண்டு கிடக்கு."

அம்மா என்னைப் பார்த்தார். ஒரு பொக்கெற்றின் தையல் பிழைத்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஏச்சு வரும் என்று நின்றேன்.

"நான்தான் மறுகா மாத்தச் சொன்ன," என்றார் அம்மா. "புள்ள நான் சொன்னதத்தான் எழுதின."

மாமா சிரித்தார். "நல்லதாப் போச்சு. எனக்கும் காது தப்பும்."

திரும்பி வரும் பஸ் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு பெருகிப் போனது. அம்மா யன்னல் பக்கம் இருந்தார். பாலத்தின் நடுவில் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அப்பாட பைலுக்குள்ள ஒரு பொய் போயிற்று."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

அந்தக் கிழமை நான் ரேடியோ அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்தை எழுதியது நான், அம்மா சொன்னது வேறு, அம்மாவுக்கு வேண்டியது பழைய பாட்டு, என் அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது, தயவுசெய்து அவரை மறிக்கவேண்டாம் என்று எழுதினேன். கடிதங்களுக்கான நாள் முடிந்துவிட்டது என்று ஒரு சிறிய பதில் வந்தது. அதை அம்மாவிடம் காட்டவில்லை.

கோடை முடிவதற்குள் ரேடியோ மாறியது. ஒரு திங்கட்கிழமை காலையில் நீட்டுப் பாட்டுகள் இல்லை. இருமல் அண்ணன் இல்லை. போகிறேன் என்றுகூட அவர் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது நாங்கள் கேட்கவில்லை. அம்மா இரண்டு நாள் தைத்துப் பார்த்தார். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டு முடிந்தது, கால் நின்று நின்று போனது. மூன்றாம் நாள் ரேடியோவின் வயரைக் கழற்றிச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்தார். எனக்குப் பிடித்த பாட்டுகள் இனிப் பகல் முழுக்க வந்திருக்கும். எங்கள் வீட்டில் மெஷின் மட்டும் கேட்டது.

அதே மாதம் அம்மா, கோயில் மண்டபம் ஒன்றில் பெரியவர்களுக்கு நடந்த பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தார். சனிக்கிழமை காலைகளில் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போவார். அடுத்த வருடம் அப்பாவின் பைலுக்கு இன்னொரு படிவம் வந்தபோது அதை அம்மாவே நிரப்பினார். நாலு நாள் எடுத்தது. அழித்து அழித்து எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன்.

அப்பா வந்தார். நேர்முகத்தில் ரேடியோவைப் பற்றி ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் அம்மா அவரைக் கண்டதும் முதலில் கேட்டது, "என்னென்ன கேட்டவங்கள்?" என்பதுதான். "கலியாணப் படம் கேட்டவங்கள், வேறொண்டும் இல்ல," என்றார் அப்பா. அம்மா ஒரு கதிரையில் இருந்துவிட்டார். நான் பெட்டியைத் தூக்கினேன்.

இப்போது நான் அதே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறேன், விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குகிற இடத்தில். தட்டுகள் ஓடும் பெல்ற்றோரம் நாற்பது பேர் நிற்கிறோம். எல்லோர் காதிலும் ஆளுக்கொரு பாட்டு. எந்த ரேடியோவைப் போடுவது என்று சண்டை பிடிக்க ஒருவரும் இல்லை. வீட்டுக்குத் தைக்கக் கொடுத்த முதலாளிமார் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மெஷினை வாங்க ஆள் கிடைக்காமல் அப்பாவும் மாமாவும் படிக்கட்டால் இறக்கித் தெருவோரம் வைத்தார்கள், காலையில் போய்விட்டது. ரேடியோ இருக்கிறது, அதே இலக்கத்தில். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாது.

அம்மா என்னோடு கோபம் இல்லை. என் பிள்ளைகளை அவர்தான் பார்க்கிறார். ஆனால் அந்த பஸ்ஸுக்குப் பிறகு இன்றுவரை என்னிடம் ஒரு கடிதம் எழுதச் சொன்னதில்லை. போன மாதம் மாநகரசபைக்கு எழுதினார், நடைபாதைப் பனியை அள்ளாமல் விடுகிறார்கள் என்று, பிரெஞ்சில். மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். ஏதாவது ஒரு சொல் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. எழுதி முடித்தார், தனக்குள்ளே ஒருமுறை வாசித்தார், மடித்து உறைக்குள் வைத்து, நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டினார்.