ஐந்தருவியில் என் கழுத்து

குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பவர்கள் முறை வைத்து வாடிக்கையாளரைப் பங்கிட்டுக்கொள்வது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று கட்டுரை எழுதித்தான் நான் பொருளாதாரப் பேராசிரியர் ஆனேன். அவர்களில் ஒருவரிடம்கூடப் பேசியதில்லை.

போன சாரல் சீசனில், ஐந்தருவியில் ஒருவரிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்தேன். கண்ணெல்லாம் எண்ணெய். என் தாடையைப் பிடித்தபடி அவர் கேட்டார்.

"எங்க முறையத் தப்புன்னு எழுதுனது நீங்கதான சார்? தென்காசி வக்கீல் படிச்சுக் காட்டுனாரு. உங்க போட்டோவும் இருந்துச்சு."

தாடையில் இருந்தது கழுத்தில் நெட்டி முறிக்கும் பிடி. வேகமாக ஒரு திருப்பு திருப்பினால் போதும்.

"ஏன் சார் கழுத்த இறுக்குதிய? முறை இல்லாட்டி, கண்ணு தெரியாத எங்க அண்ணாச்சிகிட்ட யாரு வந்து உக்காருவா? அதக் கேட்டுட்டு எழுதியிருக்கலாம்லா?"

மெதுவாகத்தான் திருப்பினார். கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கட்டுரையை இன்னும் வகுப்பில் நடத்துகிறேன். நடத்தும் நாளெல்லாம் பிடரி தானாக இறுகிக்கொள்கிறது.