பெடலில் இறங்கிய கால்

அன்று சென்னை பாடியில் உள்ள பட்டறையில், தகடு வெட்டும் பிரஸ் மெஷின் அருகே மூன்று பேர் இருந்தோம்: தகடு வைக்கும் முருகன், பெடல் மிதிக்கும் நான், எங்கள் சூப்பர்வைசர்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த வேலையும் போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கியும் பகலில் கண் சொக்கும். "இன்னா மாமே, ஊட்ல தூங்கவே மாட்டியா?" என்று முருகன் கிண்டல் செய்வான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக மனைவி சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று ஒரு நொடி கண்ணயர்ந்தேன். கால் பெடலில் இறங்கிவிட்டது. முருகன் அலறியதில்தான் விழித்தேன். அவனுக்கு இரண்டு விரல்கள் போயிருந்தன.

"யார் தப்புடா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். நான் பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

"நான்தான் சார், கைய லேட்டா எடுத்துட்டேன்" என்றான் முருகன்.

பிறகுதான் டாக்டரிடம் போனேன். இரவில் மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் வாங்கச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும், தனக்கு வந்த நஷ்டஈட்டில் முருகன் முப்பதாயிரம் கடனாகக் கொடுத்தான். "ஒயுங்கா தூங்கு மச்சான். இன்னொருத்தன் கையாவது தப்பிக்கட்டும்."

இப்போது பகலில் கண் சொக்குவதில்லை. சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை. மாதாமாதம் நான் தரும் ஆயிரத்தை முருகன் மூன்று விரல்களால் எண்ணி வாங்குகிறான். இன்னும் பதினெட்டாயிரம் பாக்கி.