வாங்க சொல்லாத குற்றமும் சருகுப் பூச்சியும்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆடுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நாலு பேரும் கோபித்துக்கொள்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும். வரட்டும், எனக்கென்ன அவசரம்?

போன ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தகராறு. தகராறு என்றால் சத்தம் ஏதும் இல்லை. என் மகளின் மாமியார், ஆட்டையாம்பட்டி சம்பந்தியம்மா, மேடையோரம் நின்றிருந்தாராம். நான் அவர் எதிரிலேயே நடந்து போனேனாம், ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். எங்கள் பக்கத்தில் அடித்தால்கூட மறந்துவிடுவார்கள். வாங்க என்று கேட்காததை மறக்க மாட்டார்கள்.

என் மகன் சமாதானம் பேசப் போனான். “அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தான். வந்தவன் எங்கள் ஊர் புதுச்சத்திரம் வருவதற்குள் அந்தப் பொய்யைத் தானே நம்பிவிட்டான். “மனுசரே தெரியாதவ ஆட்டை எப்படி மேய்ப்ப? தை பொறந்ததும் சந்தைக்கு ஓட்டிரலாம்” என்றான்.

கண் தெரியும் என்று சொன்னால் திமிர் பிடித்தவள். தெரியாது என்று சொன்னால் ஆடு போய்விடும். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய தண்டனை.

மகளின் மகள் காலேஜில் பூச்சி, பறவை பற்றிப் படிக்கிறாள். “அமுச்சி, மலையடிவாரத்துக் காப்புக்காட்டுக்கு வா. பட்டாம்பூச்சி பாத்துக் காட்டு. மாமாகிட்ட நான் சாட்சி சொல்றேன்” என்றாள். காரில் ஏறப்போனால் பின்சீட்டில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருக்கிறார்.

“வாங்க” என்றேன்.

“இப்பத்தான் தெரிஞ்சுதாமா?” என்று பேத்தியைப் பார்த்துக் கேட்டார். காடு போய்ச் சேரும்வரை எங்கள் பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் நடந்தது. அவளுக்கு நான் அமுச்சி, அவர் ஆத்தா; எங்கள் ரெண்டு பேருக்கும் அவள் ‘சாமி’.

“சாமி, உங்க அமுச்சிக்குத் தண்ணி வேணுமான்னு கேளு.”

“உங்க ஆத்தா குடிச்சு மீதியிருந்தாக் குடுக்கச் சொல்லு சாமி.”

காட்டில் வெயில் விழுந்த இடமெல்லாம் மஞ்சளும் நீலமுமாகப் பறந்தன. நான் விடுவேனா? “அதா, அந்தச் செடிமேல ஒண்ணு. ஈரமண்ணுல கூட்டமா உக்காந்திருக்குது பாரு” என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

சம்பந்தியம்மா நின்றுவிட்டார். “பாத்தியா சாமி? கடுகாட்டம் இத்துனூண்டு பூச்சி தெரியுது. மண்டபத்துல நின்ன நான்தான் தெரியல.”

எனக்கு ஆட்டைக் காப்பாற்றப் போய் மரியாதையைத் தொலைத்துவிட்டேனே என்றிருந்தது.

அப்புறம் மூங்கில் நிழலுக்குப் போனோம். தரையெல்லாம் சருகு. “நெழல்லயே இருக்கற பட்டாம்பூச்சி இங்கதான் இருக்கும். நல்லாப் பாருங்க” என்றாள் பேத்தி. நானும் குனிந்து பார்த்தேன். சருகுதான் தெரிந்தது. சம்பந்தியம்மா, “ஒண்ணுங் காணோமே” என்று காலை எடுத்து வைத்தார். அவர் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சருகு எழுந்து பறந்தது.

“அய்யோ சாமி!” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் இருப்பது அவருக்கு அப்போது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ரெண்டு முழம் தள்ளிப்போய் உட்கார்ந்தது அந்தப் பூச்சி. இறக்கையை மூடியதும் காணவில்லை. பேத்தி விரலை நீட்டிக் காட்டுகிறாள். “எங்க? சருகுதானே கெடக்குது?” என்கிறார் சம்பந்தியம்மா.

எனக்கு வாய் திறந்துகொண்டது.

“ஏனுங்க சம்பந்தியம்மா, காலடியில இருந்ததை மிதிக்கப் பாத்தீங்களே. உங்களுக்குக் கண்ணு போச்சுன்னு சொல்லட்டுங்களா, திமிருன்னு சொல்லட்டுங்களா?”

இந்தக் கேள்வியைப் பேத்தி வழியாக அனுப்பவில்லை. அவரும் நேராகவே பதில் சொன்னார்.

“அது சருகோட சருகா அசையாமக் கெடந்தா எனக்கு எப்படிங்க தெரியும்?”

“அதேதானுங்க! கல்யாண வீடியோ பாத்தனுங்க. அரக்குத் திரைச்சீலைக்கு முன்னால அரக்குப் பட்டுக் கட்டிக்கிட்டு அசையாம நிக்கறீங்க. இவ கைவெச்சுக் காட்டின பொறவுதான் எனக்கே தெரிஞ்சுது.”

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு நான் பட்டாம்பூச்சியாக்கும்!”

திரும்பும்போது காரிலிருந்தே என் மகனுக்குப் போன் போட்டார். “தம்பி, உங்கம்மா கண்ணு என் கண்ணை விட நல்லாருக்குது. ஆட்டை வித்தீங்கன்னா அப்பறம் நான் உங்க ஊட்டுக்கு வார மாட்டேன்” என்றார். அவன் சரிங்க சரிங்க என்றது எனக்கே கேட்டது. தை பிறந்து போய்விட்டது. ஆடுகள் பட்டியில்தான் நிற்கின்றன.

இந்தா சாமி, நீ கேட்டபடி எழுதிவிட்டேன். ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சத்தமாகப் படி. நடுவில் அவர் ‘அப்படி இல்லீங்க’ என்பார். நிறுத்தாதே, கடைசிவரைக்கும் படித்துக் காட்டு.