பதினொரு பச்சைக் கட்டங்கள்

என் மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. ஈஜிபுராவில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆன்ட்டி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். ஆறு மணிக்குள் வந்து அழைத்துக்கொள்ள வேண்டும். ஆறரைக்கு மூச்சிரைக்கப் போய் நின்றால், "இன்னொரு வாட்டி லேட் ஆச்சுன்னா பேடாம்மா, வேற இடம் பாத்துக்கோ" என்பார். அவர் கன்னடத்துக்குத் தாவி 'பேடா', அதாவது வேண்டாம், என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் மன்றாட முடியாது.

ஆபீசில், கிளைகளிலிருந்தும் பொம்மசந்திரா ஆலையிலிருந்தும் தினமும் வரும் விற்பனை, சரக்குக் கோப்புகள் காலை ஒன்பதுக்குள் கம்பெனியின் எல்லாக் கணக்கும் சேரும் டேட்டா வேர்ஹவுஸில் ஏறிவிட்டனவா என்று பார்ப்பது என் வேலை. ஏறியிருந்தால் எக்செல் கட்டத்துக்குப் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அதைப் பதினாறு மேலாளர்களுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும்.

ஐந்து மணிக்குக் கிளம்ப அனுமதி கேட்டேன். டீம் லீடர் கருணை காட்டினார். "தொடர்ந்து ஒரு மாசம் பச்சை காட்டும்மா, விடறேன்." குழந்தைக்கும் எக்செல் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

இருபத்தாறாம் நாள்தான் கவனித்தேன். ஆலையின் சரக்குக் கோப்பைத் தானாக ஏற்றும், நாற்பது நிமிடம் ஓட வேண்டிய ஜாப் ஒரே நிமிடத்தில் முடிந்திருந்தது. வேறு யாராவதாக இருந்தால் தங்கள் திறமை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு நல்லது நடந்தாலே நம்பிக்கை வராது. திறந்து பார்த்தேன். பதினொரு நாளாகக் கோப்பு காலி. ஒரு வரிகூட இல்லாத கோப்பைப் பிழையே இல்லாமல் ஏற்றிவிட்டு, ஜாப் 'வெற்றி' என்று எழுதியிருந்தது. நான் பச்சை பூசியிருந்தேன்.

பதினொரு நாளாக எல்லா அறிக்கையிலும் அதே பழைய சரக்குக் கணக்கு. மெயில் ஐந்து நிமிடம் தாமதமானால் ஃபோனில் குதிக்கும் பதினாறு பேரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது மட்டுமா, அந்த வாரத் திங்கட்கிழமை மீட்டிங்கில் பெரிய மேலாளர் வரைபடத்தில் ஏறாமல் இறங்காமல் போன நேர்கோட்டைக் காட்டி, சரக்கு ஒருவழியாகக் கட்டுக்குள் வந்துவிட்டது என்று பெருமைப்பட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

இன்னும் நாலே நாள். சொல்லாமல் விட்டால் என்ன? இரண்டு காபி குடித்தும் முடிவுக்கு வர முடியாமல், கடைசியில் லீடரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் முதலில் கதவைப் பார்த்தார். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார். பதினொரு நாளையும் சிவப்பா மாத்தி மெயில் போடட்டுமா?"

"பைத்தியமாம்மா உனக்கு? பெரியவர் அந்தக் கோட்டை வச்சு டைரக்டருக்கே பிரசென்டேஷன் குடுத்துட்டாரு. ஆலையில விட்டுப்போன ஃபைலை வாங்கி தினம் ரெண்டு நாளுக்கானதா ஏத்து. கோடு திடீர்னு குதிக்கக் கூடாது."

"அப்ப என் ஒரு மாசம்..."

"இன்னிலேர்ந்தே அஞ்சு மணிக்குக் கிளம்பும்மா. போதுமா?"

ஒழுங்காகப் பச்சை காட்டிய நாட்களில் கிடைக்காதது, வாயை மூடிக்கொள்ளச் சம்மதித்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டேன்.

ஐந்தரைக்கு வாசலில் என்னைப் பார்த்ததும் ஆன்ட்டி பதறிவிட்டார். "என்னம்மா, வேலைய விட்டு அனுப்பிட்டாங்களா?"

"இல்ல ஆன்ட்டி, பர்மிஷன்" என்றேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில், மகளுக்குச் செருப்புகூடப் போடாமல் தூக்கிக்கொண்டு நடந்தேன்.